ஆமென் சொல்வதற்குள் போன படகு

என் மகள் வங்கியில் மேனேஜர். வங்கியில் மட்டும் என்றால் பரவாயில்லை. வீட்டுக்கும் அவள்தான் மேனேஜர், எனக்கும் அவள்தான் மேனேஜர். எள் என்றால் எண்ணெயாக வந்து நிற்பாள். நான் எள்ளே கேட்கவில்லை என்பதுதான் என் வழக்கு.

வேதத்தில் வரும் அப்போஸ்தலன் ஊழியம் செய்துகொண்டு போன, கடல் கடந்த ஊர்களையெல்லாம் பார்த்து வர எங்கள் சபையிலிருந்து ஒரு கூட்டம் புறப்பட்டது. முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவள் நான். மறுநாளே மகளும் பெயர் கொடுத்துவிட்டாள். "உனக்கு எதுக்குடி இந்த வேலை? பேங்க்ல லீவு தருவாங்களா?" என்று கேட்டேன். "அப்போஸ்தலன் உனக்கு மட்டுமா, எனக்கும்தான்மா" என்றாள். அது அப்போஸ்தலன் மேல் வந்த பக்தி இல்லை. என் வலது முழங்கால் மேல் வந்த பயம்.

முழங்கால் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வார்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி ஓடியே மூட்டு தேய்ந்தது. ஆபரேஷன் செய்து மாற்று மூட்டு வைத்தார்கள், நல்லபடியாகத்தான் ஆயிற்று. ஆனால் ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, ஒரு மழைநாளில் எங்கள் மாடிப்படியில் வழுக்கி விழுந்தேன். எலும்பு எதுவும் முறியவில்லை. நெற்றியில் தையல், இடுப்பில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் கண்ணாடிப் பாத்திரம் என்று என் பிள்ளைகள் இருவரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

என் வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. மகள் அடுத்த தெருவில் இருக்கிறாள், சாப்பாடு மட்டும் தினமும் என்னோடுதான். அதைக் காலி செய்துவிட்டு நான் மகன் வீட்டோடு போய்விட வேண்டும் என்பது அண்ணனும் தங்கையும் சேர்ந்து போட்ட தீர்மானம். வாடகைக்கு ஆள் கூடப் பார்த்துவிட்டான் மகன். நாங்கள் ஊர் திரும்பியதும் சாவி கை மாற வேண்டியதுதான் பாக்கி. மகன் வீட்டில் எனக்கென்று ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறார்கள். நல்ல அறை. மருமகளும் தங்கமான பெண். ஆனால் அங்கே எனக்கு என்ன வேலை? என் தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், யாருக்குப் புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டும் என்றாலும், பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்குக் கால் வீங்கினாலும், மூன்று மாடி ஏறி வந்து என் கதவைத்தான் தட்டுவார்கள். என் தெருவில் நான் இன்னும் ஓய்வு பெறவில்லை. மகன் வீட்டுக்குப் போனால் பேரனுக்குப் பென்சில் சீவிக்கொண்டு ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு உட்காரவே வராது.

பயணத்தின் பாதியில் ஒரு கடற்கரை ஊருக்கு வந்து சேர்ந்தோம். அங்கேதான் அப்போஸ்தலன் விடிய விடியப் பேசிக்கொண்டிருந்ததும், ஜன்னலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த வாலிபன் தூங்கிப்போய் மாடியிலிருந்து கீழே விழுந்ததும். செத்துவிட்டான் என்று தூக்கினார்கள். அப்போஸ்தலன் இறங்கிப் போய் அவனைக் கட்டிப்பிடித்தார், பையன் பிழைத்துக்கொண்டான். எங்கள் போதகருக்கும் பிரசங்கம் நீளம்தான், எழுப்பும் வரம் மட்டும் இன்னும் வரவில்லை. அதனால் எங்கள் கோயிலில் ஜன்னல் ஓரம் யாரும் உட்காருவதில்லை.

அந்தச் சம்பவத்துக்கு மறுநாள் அப்போஸ்தலன் கூட வந்தவர்களையெல்லாம் கப்பலில் அனுப்பிவிட்டு, தான் மட்டும் அடுத்த துறைமுகத்துக்குத் தரைவழியாக நடந்தே போனாராம். ஏன் நடந்தார் என்று வேதத்தில் எழுதவில்லை. அவர் நடந்த பாதையின் கடைசித் துண்டு, ஒரு மலையைத் தாண்டிப் போவது, இன்னும் இருக்கிறது. முடிந்தவர்கள் அதில் நடக்கலாம், முடியாதவர்கள் மலையைச் சுற்றிப் படகில் வரலாம், அந்தப் பக்கத்துத் துறையில் எல்லாரும் சேர்ந்துகொள்ளலாம் என்பது மறுநாளைய ஏற்பாடு. இதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் போதகர் சொல்லி முடித்ததும் நான் வாயைத் திறந்தேன்.

"நாளைக்கு நான் நடக்கிறேன்."

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். "யாரு?"

"உங்கம்மா."

"அம்மா, விளையாடாத. கல்லும் முள்ளுமா கிடக்குமாம். நீ படகுலதான் வர்ற."

"நான் நடந்து முடிச்சுட்டா?"

"முடிச்சா பாக்கலாம்."

"பாக்கலாம் கீக்கலாம் எல்லாம் வேண்டாம். நான் நடந்து முடிச்சுட்டா, வீட்டைக் காலி பண்ற பேச்சை நீயும் உங்கண்ணனும் இனி எடுக்கக் கூடாது. முடியலையா, ஊருக்குப் போனதும் நானே பெட்டி கட்டறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

எதிரே உட்கார்ந்திருந்த ஹெட்மாஸ்டர், பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றும் மணியடிக்காமல் எழுந்திருக்க மாட்டார் அவர், நாப்கினால் வாயைத் துடைத்துக்கொண்டு, "சாட்சிக்கு நான் இருக்கேன் நர்ஸம்மா" என்றார். இத்தனை பேர் நடுவில் மகள் என்ன செய்வாள்? "சரிம்மா, நடந்து முடி, ஒத்துக்கறேன்" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன சரி அது.

காலையில் பஸ் எங்களை ஒரு சின்னப் படகுத்துறையில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. மலைக்கு அந்தப் பக்கம் வேறு பஸ் வரும். பெட்டிகளையெல்லாம் படகில் ஏற்றினார்கள். எங்களுக்கு வழிகாட்டியாக வந்த உள்ளூர்க்காரர், நடப்பவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் வாங்க எதிரே இருந்த கடைக்குப் போனார். "நடக்கிறவங்க இந்தப் பக்கம் வாங்க" என்றார் போதகர். ஹெட்மாஸ்டர் போனார், புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று கை கோத்துக்கொண்டு போனது, பின்னாலேயே நானும் போனேன்.

போதகர் என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துக்கொண்டு போனார். "நர்ஸம்மா, நீங்க படகுலயே போயிடுங்க. உங்க மக காலையில வந்து கண்ணீரோட சொன்னாங்க. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா குழுவுக்குப் பொறுப்பு நான்தானே."

எனக்குக் கோபத்தில் காது சுட்டது. திரும்பி மகளைப் பார்த்தேன். அவள் கடலைப் பார்த்தாள்.

"நேத்து சரின்னு சொன்னியே, அது யாரு வாய்?"

"நடந்து முடிச்சா ஒத்துக்கறேன்னுதான்மா சொன்னேன். நடக்க விடறேன்னு சொல்லலையே."

பாருங்கள், வங்கிக்காரி புத்தியை! பெரிய எழுத்தில் ஒன்று, சின்ன எழுத்தில் ஒன்று. பெற்றவளிடமே காட்டிவிட்டாள். அதோடு விட்டாளா? என் கைப்பையை வாங்கிக்கொண்டாள், என் ஊன்றுகோலை வாங்கிக்கொண்டாள், "நான் போய் நிழலா ஒரு இடம் பிடிச்சு வைக்கறேன், நீ மெதுவா வா" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாகப் படகில் ஏறினாள். என் சால்வையை எடுத்து ஓர் இருக்கையில் விரித்துப் போட்டாள். துண்டு போட்டு இடம் பிடிக்கும் வழக்கம் கடல் தாண்டினாலும் நம்மை விட்டுப் போகாது.

வார்டில் பெரிய டாக்டரையே எதிர்த்துப் பேசினவள் நான். அந்தத் துறையில் ஒன்றும் பேச முடியவில்லை. என் வீட்டுச் சாவி அந்த நிமிஷமே கை மாறிவிட்டது போல இருந்தது.

"புறப்படறதுக்கு முன்னால ஒரு சின்ன ஜெபம்" என்றார் போதகர்.

அவருடைய சின்ன ஜெபத்தை அறியாதவர்கள் எங்கள் சபையில் இல்லை. எல்லாரும் துறையில் வரிசையாக நின்று, கண்ணை மூடி, இரண்டு கைகளையும் உயர்த்தினோம். போதகர் படகுக்காக ஜெபித்தார். படகின் இஞ்சினுக்காக ஜெபித்தார். படகோட்டியின் குடும்பத்துக்காக, காற்றுக்காக, அலைகளுக்காக, நடப்பவர்களின் பாதங்களுக்காக, "எங்கள் சகோதரியின் முழங்காலுக்காக" என்று என் மூட்டுக்காகவும் ஜெபித்தார். அங்கிருந்து உலக நாடுகளுக்குப் போய்விட்டார். நாங்களும் ஒவ்வொன்றுக்கும் "ஸ்தோத்திரம்" போட்டோம். ஜெபத்தில் கண் திறக்கக் கூடாது என்பது பால்குடியிலிருந்து எங்களுக்குச் சொல்லி வளர்த்தது. தேள் கொட்டினாலும் திறக்க மாட்டோம். நான் மட்டும் உள்ளுக்குள் வேறு ஜெபம் செய்துகொண்டிருந்தேன். ஆண்டவரே, இவங்க எல்லாரும் சேர்ந்து என் வாயை அடைச்சுட்டாங்க. இனிமே நீங்களாச்சு, என் மகளாச்சு.

கடைசியில் கடலே அதிரும்படி எல்லாரும் சேர்ந்து "ஆமென்!" என்றோம். கண்ணைத் திறந்தோம்.

படகைக் காணோம்.

காணோம் என்றால் அடியோடு காணாமல் போகவில்லை. தூரத்தில், உள்ளங்கை அளவுக்குப் போய்க்கொண்டிருந்தது. பின்பக்கத்தில் பெட்டிகளுக்கு நடுவே என் மகள் நின்றுகொண்டு இரண்டு கைகளையும் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தாள். ஒரு கையில் என் ஊன்றுகோல். அவள் பக்கத்தில் நின்ற படகோட்டி எங்களைப் பார்த்துச் சந்தோஷமாகக் கை ஆட்டினான்.

வழிகாட்டி தண்ணீர் பாட்டில்களோடு ஓடி வந்தார். படகோட்டிக்குப் போன் போட்டார். பேசப் பேச அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! படகோட்டி சொன்னது இதுதான்: "உங்க ஆளுங்க எல்லாரும் கரையில வரிசையா நின்னு கையைத் தூக்கி வழியனுப்பினாங்க. கண்ணை மூடிக்கிட்டு வாழ்த்தினாங்க. சரி, எல்லாரும் நடக்கப் போறாங்க, இந்தப் பொண்ணு மட்டும் சாமான்களோட வருதுன்னு எடுத்துட்டேன். பொண்ணு என்னமோ சொல்லி அழுதுச்சு, பாஷை புரியல. பிரியறதுக்கு அழுவுதுன்னு நினைச்சேன்."

முதலில் போதகரம்மா, பெரிய உடம்பு, சின்னக் குரல், எப்போதும் கணவருக்குப் பின்னால் நிற்பவர், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கத் தொடங்கினார். அவரைப் பார்த்து ஹெட்மாஸ்டர் சிரித்தார். அப்புறம் அந்தத் துறையே சிரித்தது, போதகரைத் தவிர.

"திரும்பி வரச் சொல்லுங்க" என்றார் அவர் பரிதாபமாக. முடியாதாம். மலை முனையைத் தாண்டிவிட்டால் காற்று எதிர்க்காற்று, இனி படகு நாளைக் காலையில்தான். பஸ்ஸும் போய்விட்டது. அந்தப் பக்கம் போக ஒரே வழி, அப்போஸ்தலன் போன வழி.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்கள். எனக்கு அன்று விழுந்தது பலாப்பழம். "ஐயா, உங்க ஜெபத்துக்கு இவ்வளவு சீக்கிரமா பதில் வந்து நான் பார்த்ததே இல்ல" என்றேன். போதகர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குள் வழிகாட்டியின் போன் அடித்தது. என் மகள். முதலில் என் போனுக்குத்தான் அடித்திருக்கிறாள். அது அவள் மடியில் கிடந்த என் கைப்பையிலேயே அடித்திருக்கிறது.

"அம்மா! அங்கயே உக்காரு! அசையாத! நான் ஏதாவது பண்றேன்!"

"காத்து அடிக்குதும்மா, ஒண்ணும் கேக்கல" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

வாய் பேசிவிட்டதே தவிர, முதல் அடி வைக்கும்போது என் கை தானாக ஊன்றுகோலைத் தேடியது. ஊன்றுகோல் இல்லாமல் நான் தெருமுனைக்கு மேல் நடந்து பல மாதங்கள் ஆகின்றன. நடக்க முடியுமா என்று எனக்கே தெரியாது. மகளிடம் மார்தட்டியது வேறு, மலை வேறு. இது முடியாமல் போனால் நானே பெட்டி கட்டுகிறேன் என்று சாட்சி வைத்துச் சொல்லியிருக்கிறேன். தோற்றால் சொன்ன சொல்லைக் காப்பாற்றித்தான் ஆக வேண்டும். நான் சின்ன எழுத்தில் எதுவும் எழுதி வைக்கவில்லை.

பாதை கல் பாவியது. ஆயிரம் வண்டிகள் போய்ப் போய்க் கல்லிலேயே சக்கரத் தடம் விழுந்திருந்தது. ஏற்றம் மெல்லத்தான் தொடங்கியது. ஆடுகள் எங்களை நின்று பார்த்தன. அப்போஸ்தலன் ஏன் நடந்தார் என்று பேச்சு வந்தது. தனிமையில் ஜெபிப்பதற்காக என்றார் போதகர். வழியில் இருந்த சபைகளைப் பார்ப்பதற்காக என்றார் ஹெட்மாஸ்டர். கப்பல் அவருக்கு வயிற்றைப் புரட்டியிருக்கும் என்றான் புது மாப்பிள்ளை.

"கூட வந்தவங்க தொல்லை தாங்காமத்தான்" என்றேன் நான். "அதைச் சாப்பிடாதீங்க, இதைத் தூக்காதீங்கன்னு உயிரை எடுத்திருப்பாங்க."

போதகரம்மாவுக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் என் கூடவே நடந்தார், எதுவும் கேட்கவில்லை, "வலிக்குதா?" என்று கூடக் கேட்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஏற்றம் செங்குத்தானதும் பேச்சு நின்றது. எல்லாருக்கும் மூச்சு வாங்கியது. என் மூட்டு சுடத் தொடங்கியது. அப்போதுதான் எனக்கு வேறொன்று தோன்றியது. நடப்பதற்கு முந்தின நாள் ஓர் உயிரைக் கையில் வாங்கித் திருப்பிக் கொடுத்தவர் அந்த அப்போஸ்தலன். எனக்கு அது தெரியும். மூச்சில்லாமல் பிறந்த குழந்தையை ஊதி, தேய்த்து, தட்டி, அது வீறிட்டு அழுத நாட்களில் நான் பஸ் ஏற மாட்டேன். வீடு வரைக்கும் நடந்தே போவேன். யாரோடும் உட்கார்ந்து பேச முடியாது. கை நடுங்கிக்கொண்டே இருக்கும், நடந்து நடந்துதான் அந்த நடுக்கம் இறங்கும். அவரும் மனுஷர்தானே. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஹெட்மாஸ்டர் காதில் விழுந்தால் வசனம் கேட்பார்.

பாதி மலையில் போதகர் உட்கார்ந்துவிட்டார். பயணத்துக்கென்று வாங்கின புது ஷூ. கழற்றிப் பார்த்தால் இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்து ரத்தம். "இதோட எப்படி ஐயா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று திட்டிக்கொண்டே கழுவி, ஹெட்மாஸ்டரின் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டுப் போட்டேன். குனிந்து நிமிர்ந்ததில் என் மூட்டு பிடித்துக்கொண்டது. எழுந்திருக்க முடியவில்லை. ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், அப்படியே இருந்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பின்னால் டிராக்டர் சத்தம். வைக்கோல் ஏற்றிய வண்டியை இழுத்துக்கொண்டு ஒரு விவசாயி வந்தார். வழிகாட்டி அவரிடம் பேசினார். மலை உச்சிக்குப் போய் அடுத்த பக்கம் வயலோரப் பாதையாகத் துறைக்கே போகிறாராம். வைக்கோல் மேல் ஓரிரண்டு பேர் உட்காரலாம்.

எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

பொய் சொல்ல மாட்டேன், ஏறிவிடலாம் என்று இருந்தது. வைக்கோல் மெத்தென்று இருந்தது. ஏறி உட்கார்ந்தால் யாரும் ஒரு குறை சொல்லப் போவதில்லை. இவ்வளவு தூரம் வந்ததே பெரிது என்பார்கள். ஊருக்குப் போனாலும் அதையேதான் சொல்வார்கள், இவ்வளவு வயசு வரைக்கும் தனியாக இருந்ததே பெரிது என்று சொல்லித்தான் என்னை அந்த அறையில் உட்கார வைப்பார்கள். அந்த நினைப்பு வந்ததும் பாறையை விட்டு எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று கேட்காதீர்கள்.

"ஐயா, நீங்க ஏறுங்க" என்றேன்.

"நானா? ஐயோ, அப்போஸ்தலன் நடந்த பாதையில நான் வண்டியில போறதா?"

"அப்போஸ்தலன் புது ஷூ போட்டுக்கிட்டு வரல. ஏறுங்க."

"ஏறுங்க" என்றார் போதகரம்மாவும். "சபையில சொல்ல மாட்டோம்."

கட்டுப் போட்ட கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வைக்கோல் மேல் மாப்பிள்ளை ஊர்வலம் போலப் போனார் எங்கள் போதகர். வண்டி வளைவில் மறைகிற வரைக்கும் அவர் எங்களுக்காக ஜெபித்துக்கொண்டே போனது கேட்டது. அவர் கண்ணை மூடியிருந்தார். நாங்கள் மூடவில்லை, ஒரு நாளைக்கு ஒரு படகு போதும்.

அதற்கு மேல் நான் முன்னால் நடந்தேன். வேகமாக இல்லை. பின்னால் நடந்தால் ஒவ்வொருவரும் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள், அதைத் தாங்க முடியாது. முன்னால் போனால் என் முகத்தை யாரும் பார்க்க முடியாது. அழுதுகொண்டே கூட நடக்கலாம். கொஞ்சம் அழவும் செய்தேன். போதகரம்மா தன் சின்னக் குரலில் ஒரு பாட்டை எடுத்தார். ஒருவர் இருவராகச் சேர்ந்துகொண்டார்கள். மூச்சு முட்டுகிற ஏற்றத்தில் ராகம் எங்கோ போனது, தாளம் எங்கோ போனது, ஆனால் பாட்டு நிற்கவில்லை. நானும் அடிக்கு ஓர் அடி அதைப் பிடித்துக்கொண்டே உச்சிக்கு வந்து சேர்ந்தேன்.

அடேயப்பா! கீழே கடல் விரிந்து கிடந்தது. அதன் ஓரத்தில் பழைய துறைமுகம், கல்லால் கட்டின கரை, கட்டிப் போட்ட எங்கள் படகு, மலை போல எங்கள் பெட்டிகள். கரையில் ஒரு சின்ன உருவம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தது. அந்த நடையை எனக்குத் தெரியும். பரீட்சை முடிவு வரும் நாளில் அவள் அப்படித்தான் நடப்பாள்.

இறங்கப் போகும்போதுதான் தெரிந்தது. பாதை அங்கே முடிந்துவிட்டது. துறை வரைக்கும் படிகள். மலையைக் குடைந்து வெட்டின கல் படிகள், நடுவில் தேய்ந்து, ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் ஒன்றுமே இல்லை. கைப்பிடி இல்லை.

மூட்டு மாற்றினவர்களுக்கு ஏறுவது பெரிதில்லை, இறங்குவதுதான் சங்கடம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். எங்கள் தெருவில் எத்தனையோ பேருக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சொல்லிக் கொடுப்பது சுலபம். நான் விழுந்ததும் ஒரு படியில்தான்.

சுவரில் கையை ஊன்றினேன். வலது காலை இறக்கினேன். இடது காலைப் பக்கத்தில் கொண்டுவந்தேன். மறுபடி வலது.

கீழே அந்த உருவம் நின்றது. அண்ணாந்து பார்த்தது. அப்புறம் ஊன்றுகோலைத் தூக்கிக்கொண்டு படிகளை நோக்கி ஓடி வந்தது. "அம்மா! நில்லு! நான் வர்றேன்!" என்று கத்திக்கொண்டே ஏறத் தொடங்கினாள். இந்தப் படியில் அவள் ஓடி வந்து என்னைப் பிடித்தால் இரண்டு பேரும் சேர்ந்து கடலுக்குத்தான் போவோம்.

"அங்கயே நில்லுடி!"

வார்டில், முக்க வேண்டாத நேரத்தில் முக்குகிற பெண்களிடம் போடுவேன் அந்தக் குரலை. மலையில் பட்டுத் திரும்பியது. மகள் அப்படியே நின்றாள், ஒரு கால் மேல் படியில், ஒரு கால் கீழ்ப் படியில். எனக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்து நின்றுவிட்டார்கள். பாட்டும் நின்றது.

நான் ஒருத்தி மட்டும் இறங்கினேன். வலது, இடது. வலது, இடது. ஓர் இடத்தில் கல் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது, குதிகால் சறுக்கியது. மேலே யாரோ "ஐயோ" என்றார்கள். மகள் கண்ணை மூடிக்கொள்வதைப் பார்த்தேன். சுவரோடு சாய்ந்தேன், நகம் பெயர்ந்தது, ஆனால் விழவில்லை. மூட்டு என்னைத் தாங்கியது.

"கண்ணைத் திற" என்றேன். "பாரு."

திறந்தாள். அதற்கு அப்புறம் அவள் கண்ணை எடுக்கவே இல்லை. நான் இறங்க இறங்க, அவள் ஒவ்வொரு படியாகப் பின்னால் இறங்கி எனக்கு வழி விட்டாள். கடைசிப் படியிலிருந்து தரையில் கால் வைத்தேன். வைத்ததும் மேலே இருந்தவர்கள் போட்ட சத்தம் இருக்கிறதே! அல்லேலூயாவும் கைதட்டலும் விசிலும் ஒன்றாக வந்தன. விசிலடித்தது ஹெட்மாஸ்டர் என்று பிறகுதான் தெரிந்தது. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் விஷயம் தெரியாமலே எழுந்து கை தட்டினார்கள். டிராக்டரிலிருந்து இறங்கி உட்கார்ந்திருந்த போதகர், கட்டுப் போட்ட காலோடு குதித்தார். ஜெயித்துவிட்டேன்! வாய்விட்டே சொன்னேன். "ஜெயிச்சுட்டேன்டி!"

மகள் சிரிப்பாள் என்று நினைத்தேன், இல்லாவிட்டால் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அப்படியே கரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதாள்.

"என்னடி இது? நான்தான் வந்துட்டேனே."

"அன்னிக்கு நான்தானேம்மா முதல்ல பார்த்தேன்" என்றாள். "நீ படியில கிடந்த. மூஞ்சியெல்லாம் ரத்தம். கூப்பிட்டேன், நீ பேசல. போயிட்டன்னே நினைச்சேன். அதுக்கப்புறம் எந்தப் படியைப் பார்த்தாலும் நீ கிடக்கறதுதான்மா எனக்குத் தெரியுது. பேங்க் படியில ஏறும்போது கூட."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரில் யாருக்கு எங்கே வலி என்று முகத்தைப் பார்த்தே சொல்லுவேன் என்று பெருமை பேசுகிறவள் நான். ஒரே மேசையில் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவளின் வலி எனக்குத் தெரியவில்லை. அவளை மேனேஜர், மேனேஜர் என்று கிண்டல் செய்துகொண்டே இருந்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார முடியவில்லை, மூட்டு மடங்கவில்லை. நின்றபடியே அவள் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப என்ன தெரியுது?" என்று கேட்டேன்.

அவள் படிகளை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். "இறங்கி வர்ற. 'அங்கயே நில்லுடி'ன்னு கத்திக்கிட்டே இறங்கி வர்ற."

மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நம்ம மாடிப்படிக்கு ரெண்டு பக்கமும் கைப்பிடி வைக்கப் போறேன். அதுக்கு மட்டும் குறுக்க நிக்காத."

"வச்சுக்கோ."

"மழையில இறங்கக் கூடாது."

"சரி, மேனேஜர்."

அப்போது அவள் போன் அடித்தது. மகன். படகில் தனியாகப் போகும்போது அவனுக்குப் போன் போட்டு அழுதிருக்கிறாள். பாவம், அவனும் அங்கே வேலையை விட்டுவிட்டுத் தவித்துக்கொண்டிருந்திருக்கிறான். அவன் கத்தியது எனக்கே கேட்டது.

"அம்மா கிடைச்சாங்களா? யாரு தூக்கிட்டு வந்தாங்க?"

"யாரும் தூக்கல. நடந்து வந்தாங்க."

"மலையிலயா?"

"மலையில ஏறி, படியில இறங்கி. நான் கண்ணால பார்த்தேன். அண்ணா, அந்த வாடகைக்காரங்ககிட்ட வீடு இல்லைன்னு சொல்லிடு."

"என்னது? நீதானேடி அம்மாவை அங்க விடக் கூடாதுன்னு..."

"நான்தான் சொன்னேன். இப்பவும் நான்தான் சொல்றேன்."

"கொடு அந்தப் போனை" என்று வாங்கினேன்.

"டேய், கேட்டுக்க. வீடு காலியான்னு யாராவது கேட்டா, வீட்டுக்காரி மாடியிலயே இருக்கா, கட்டு மாத்தணும்னா ஏறி வரச் சொல்லு."